பதினைந்தும் ஐம்பதும்

தலைமையேற்றிருக்கும் ஐயாவு அவர்களே, மாதர் சங்கத்துக் கமருன்னிஸா அக்கா அவர்களே, அறுப்பை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! பத்தாம் வகுப்புப் படிக்கும் அம்சவல்லி பேசுகிறேன். இது வீட்டுக்குத் தெரியாமல் எழுதிய தாள்.

நம் சங்கச் செயலாளர் தோழர் இராஜாங்கம் அவர்கள் "இயற்கை எய்தினார்" என்று வாசலில் ஒட்டியிருக்கிறீர்கள். இயற்கையா? எது இயற்கை? அவர் தலையில் விழுந்த தடியா?

அறுவடைக்கு முன் பண்ணையார் ஒரு தாளை நீட்டினார். 'அறுத்த கலம் நெல்லுக்கு ஆறு லிட்டர் வரை கூலி.' எல்லோரும் கைநாட்டு வைக்கப் போனார்கள். தடுத்தவர் யார்?

"ஆறுன்னு எழுதிட்டு, பின்னால 'வரை'ன்னு ஒரு வாலு எதுக்குங்க? நாளைக்கு அந்த வாலைப் புடிச்சுக்கிட்டு மூணு அளப்பீங்க. வெட்டிடுங்க!"

களமே சிரித்தது. பண்ணையார் சிரிக்கவில்லை. ஒரு சொல்லும் ஓர் எண்ணும் சேர்ந்தால் என்ன பொருள் என்று நமக்காகப் பிரித்துப் பார்த்த மூளை அது! அதைக் குறிவைத்துத்தான் மறுநாள் அடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர், தோழரின் மனைவி நீலாம்பாள் அத்தையிடம் சொன்னார்: "சொல்லு இருக்கும்மா, எண்ணும் இருக்கு. ரெண்டையும் சேர்க்கிற எடத்துல அடி." பத்தோடு ஐந்து சேர்ந்தால் பதினைந்து. ஐந்து பத்தானால் ஐம்பது. நமக்கு யோசிக்காமலே வருகிறது. அவருக்கு அது போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். அத்தையும் கூட இருந்தார். அடிக்க எத்தனை பேர் வந்தார்கள் என்று ஏட்டு கேட்டதற்கு, தோழர் பத்து, ஐந்து என்று தடுமாறி, "அம்பது" என்றார்.

"அம்பது பேரு அடிச்சா நீ உக்காந்து பேசுவியாய்யா? இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லேன்!" ஏட்டு சிரித்தார்.

யார் அடித்தது? "நான்... பண்ணையார்... அடி..." மூன்று சொல்தான் வந்தது. ஏட்டு என்ன எழுதினார் தெரியுமா? 'நான் பண்ணையாரை அடித்தேன்.' கையெழுத்துப் போடத் தெரிந்தவரின் கட்டைவிரலைப் பிடித்து அதில் அழுத்தினார்கள்!

இவர் மூளையில் காயம், சேர்க்க முடியவில்லை. ஏட்டின் மூளையில் என்ன காயம்? அந்த 'ஐ' உருபு எங்கிருந்து வந்து ஒட்டியது? ஆட்சி மாறிவிட்டது என்று போன வருடம் வெடி போட்டோமே, ஸ்டேஷனில் என்ன மாறியது?

ஒன்பதாம் நாள் குற்றவாளியாகவே இறந்தார். அந்தத் தாளைக் காட்டித்தான் நம் ஆட்கள் நால்வரை உள்ளே வைத்திருக்கிறார்கள். மாலை போட்டு, இரண்டு நிமிடம் எழுந்து நின்றுவிட்டுக் கலைந்துவிடப் போகிறோமா?

பார்த்தவர் யாருமில்லை என்கிறார்கள். நான் பார்த்தேன்! சோற்றுத் தூக்கோடு களத்துக்குப் போனவள், வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று எண்ணினேன். பண்ணையார் கைகாட்ட, பதினைந்து பேர் தோழர் இராஜாங்கத்தை அடித்தார்கள். அவரால் சொல்ல முடியாமல் போன இந்த வாக்கியத்தை நான் கோர்ட்டில் சொல்வேன்.

பெயர் கேட்பார்கள். பதினான்கோடு நிறுத்திக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் அவருடைய எண்ணிலிருந்து ஒன்றைக் கழிக்க எனக்கு உரிமையில்லை.

பதினைந்தாவது ஆள், டிராக்டர் ஓட்டும் சிங்காரவேலு. என் அப்பா.