இருபத்தைந்து நிமிட வரி

நான் வேகமாக டைப் செய்வேன், சார். ஆபீசில் எனக்கு ‘மழை’ என்றே பெயர். சடசடவென்று பெய்து ஓய்ந்துவிடுவேனாம்.

அன்று காலை பதினொன்று இருபத்தொன்பதுக்கு நான் மாடிப்படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கிக்கொண்டிருந்தேன். காதில் போன். ஆம்புலன்ஸ்காரருக்கு வழி சொல்லிக்கொண்டே பின்கொட்டகைக்கு ஓடினேன். கண் தெரியாத அளவுக்கு ஆவி. பானையின் இரும்புக் கதவு திறந்து தொங்கியது. எதிர்ச் சுவரோரம் என் தங்கையின் கணவர் கிடந்தார். அவர் தலையை மடியில் ஏந்திக்கொண்டவன் நான்தான். “மாப்ள, கண்ண மூடாதீங்க, இதோ வந்துட்டாங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கூடி நின்றவர்கள் எல்லோரும் அழுதார்கள். ‘மச்சான்னா இப்படி இருக்கணும்’ என்று இன்றுவரை பேசுகிறார்கள்.

பானை என்றால், ரப்பர் சீல்களை நீராவியில் வேகவைக்கும் கலன். ஓர் ஆள் நிமிர்ந்தபடி உள்ளே நடக்கலாம். வெந்த பிறகு இருபத்தைந்து நிமிடம் அழுத்தத்தை இறக்கி ஆறவிட வேண்டும். அழுத்தம் காட்டும் முள் ஒரு மாதமாக அசையவில்லை. அதனால் கடிகாரத்தைத்தான் நம்பினார்கள். கடிகாரத்தை நம்புவதில் மாப்பிள்ளையை மிஞ்ச ஆள் இல்லை. கொட்டகையில் அவருக்கு ‘ஆமை’ என்று பட்டப்பெயர். “ஆமை திறக்கறதுக்குள்ள நாம ரிட்டயர் ஆயிடுவோம்” என்பார்கள். “ஆனா முழுசா ஆவீங்கடா” என்பார் அவர். பதினெட்டு வருடம் அப்படித்தான் திறந்தார்.

என் வேலை வேறு. தொழிற்சாலையை ஈ.ஆர்.பி. மென்பொருளுக்குள் கொண்டுவருவது. ஒரு பொருள் எந்தெந்த வேலைகளைத் தாண்டி வெளியே வருகிறது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று வரிவரியாகப் போடுவதற்கு ரூட்டிங் என்று பெயர். அதிலிருந்துதான் அடக்கவிலை வரும், உற்பத்தித் திட்டம் வரும். கொட்டகையில் ஆணியில் தொங்கிய அழுக்கு அட்டைகளை எல்லாம் நானே கழற்றினேன். பானைக்குப் பக்கத்தில் ஒரு திரை மாட்டினேன். “இனிமே திரை சொல்றதுதான் வேலை. சொந்த மூளையெல்லாம் வீட்ல வெச்சுட்டு வாங்க” என்றேன். சிரித்தார்கள். பழகியும்விட்டார்கள்.

ஒரே ஒரு தொல்லை. ஆறவிடும் இருபத்தைந்து நிமிடத்தைப் போட்டால் பானை போதவில்லை, திட்டம் முழுக்கச் சிவப்பாக நின்றது. மறுநாள் பன்னிரண்டு மணிக்கு ஒரு பெரிய வாடிக்கையாளருக்குத் திட்டத்தைக் காட்டவேண்டும். “பச்சையா இருக்கணும்பா. இல்லேன்னா உனக்கு முன்னாடி இருந்தவன் போன வழியில நீயும் போகலாம்” என்றார் முதலாளி. அந்த வரியில் பூஜ்யம் போட்டுப் பார்த்தேன். மளமளவென்று பச்சையானது. கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது, சார். காட்டி முடித்ததும் பழையபடி போட்டுவிடலாம் என்றுதான் விட்டுவைத்தேன். பூஜ்யம் போட்ட வரி திரையில் தெரியாது. திரை சுத்தமாக இருக்கட்டும் என்று அப்படி அமைத்திருந்ததும் நான்தான்.

காலை பத்தரைக்கு மாப்பிள்ளை போன் செய்தார். ஒரு வார லீவு முடிந்து அன்றுதான் வந்திருந்தார்.

“மச்சான், ஆறவிடற வரியக் காணோமே. வெந்ததும் கதவத் தெறன்னு காட்டுது?”

வரியைத் திரும்பப் போட்டால் திட்டம் மறுபடி சிவப்பாகும். பன்னிரண்டுக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது.

“நீங்க இல்லாதப்ப புது வால்வ் மாட்டிட்டாங்க மாப்ள. அழுத்தம் உடனே இறங்கிடும்.”

“அப்படியா? நம்ப முடியலையே.”

“நான் சொல்றேன்ல.”

“நீங்க சொன்னா சரி மச்சான். இனிமே ஆமைன்னு கூப்பிடட்டும், பாத்துக்கறேன்” என்று சிரித்துக்கொண்டே வைத்தார்.

வால்வ் ஸ்டோரில் பெட்டிக்குள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாட்டுவதாக ஏற்பாடு. மூன்று நாளில் உண்மையாகப்போகிற விஷயம்தான்.

பிறகு நடந்த விசாரணை உங்களுக்கே தெரியும். வந்தவர்கள் பானைப் பக்கத்துத் திரையைப் பார்த்தார்கள். ‘ஆறவிடு, இருபத்தைந்து நிமிடம்’ என்று பளிச்சென்று இருந்தது. தொழிலாளி அவசரப்பட்டார் என்று எழுதினார்கள். அந்தத் தாளில் என் தங்கையிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

அவள் அழவில்லை, சார். கோபப்பட்டாள். “சோத்தக்கூட முக்கா மணி நேரம் மெல்லுற மனுஷன். அன்னிக்கு மட்டும் என்னண்ணே அவசரம்?” என்று தினமும் கேட்பாள். “விடும்மா, போனவரத் திட்டாதே” என்பேன். நேற்று போனபோது சுவரில் அவர் போட்டோ இல்லை. ஆணி மட்டும் இருந்தது. “எங்கள விட்டுட்டு ஓடத் துடிச்சவர் மூஞ்சிய நான் ஏன் பாக்கணும்?” என்றாள். அதனால்தான் இன்று போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தேன். அவர் அவசரப்படவில்லை என்று யாராவது அவளிடம் சொல்லவேண்டும். நான் சொன்னால் அவள் தாங்கமாட்டாள்.

ஆதாரம் வேண்டுமென்றால் மென்பொருளிலேயே இருக்கிறது. யார், எதை, எத்தனை மணிக்கு மாற்றினார் என்ற பதிவு. “அதெல்லாம் எதுக்கு சார், இடத்த அடைக்கும்” என்றார் மென்பொருள்காரர். “இருக்கட்டும். நாளைக்கு எவனாவது தப்புப் பண்ணினா மாட்டணும்ல” என்று சொல்லிப் போடவைத்தேன். அழிக்க முடியாது. விசாரணைக்கு வந்த யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

திறந்தால் தெரியும். கதவு வெடித்துத் திறந்தது பதினொன்று இருபத்திரண்டுக்கு. மாப்பிள்ளையின் கூட்டாளி டீ குடிக்கப் போயிருந்தார். முன்பக்கத்து மெஷின்களின் இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. கொட்டகையைப் பார்த்தபடி இருக்கும் ஒரே ஜன்னல் என்னுடையது. ஆவி பீறிட்டதைப் பார்த்தேன். அவர் ஒரு கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்ததையும் பார்த்தேன்.

போன் மேஜைமேல்தான் இருந்தது. நான் கீபோர்டை இழுத்துக்கொண்டேன். ரூட்டிங்கில் வரியைத் திரும்பப் போட்டால் மட்டும் போதாது, சார். ஏற்கெனவே கொட்டகைக்கு அனுப்பிய ஆர்டர் பழைய நகலைத்தான் வைத்திருக்கும். அதைத் தனியாகத் திறந்து திருத்தினால்தான் திரையில் மாறும். இரண்டையும் முடித்துவிட்டுத்தான் போனை எடுத்தேன்.

“ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி கொண்டுவந்திருந்தா” என்றார் டாக்டர். அதைத் தங்கையிடம் சொல்லவில்லை.

வழக்கமாக அந்த இரண்டு திருத்தத்துக்கும் எனக்கு ஒரு நிமிடம் போதும். அன்று ஏழு நிமிடம் ஆனது. விரல்கள் அப்படி நடுங்கின, சார். அவர்மேல் எனக்கு அவ்வளவு பாசம்.