படகுக்கு ஒரு ட்ரெய்லர்

“படகை நெல்லு மாதிரி கொட்டுனா ஒடஞ்சிடாதாங்க?”

மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு விவசாயத் தம்பதி; கேட்டது மனைவி. ஆற்றில் மீன் பிடிக்கவென்று கணவர் நாகப்பட்டினத்தில் பழைய ஃபைபர் படகு ஒன்று வாங்கிவிட்டார். அதை டிராக்டரில் இழுத்துப்போக ட்ரெய்லர் செய்யச் சொல்லத்தான் திருவிடைமருதூர் பட்டறைக்குப் பயணம்.

“டிப்பர் வச்ச ட்ரெய்லர்னா லிவரைத் தட்டுனா போதும். படகு தானா சரிஞ்சு ஆத்துல எறங்கிடும்.”

“திரும்ப ஏத்துறதுக்கு?”

“நாலு பேரைக் கூப்பிட வேண்டியதுதான்.”

“நடவுக்கே ஆளு கெடைக்கல. படகு தூக்க வந்துடுவாங்களா?” அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். “பேசாம சுத்தி பலகை வச்சு செய்யச் சொல்லுங்க. அறுப்புக்கு நெல்லாவது ஏத்தலாம்.”

“அப்ப படகு?”

“கொல்லையில கவுத்துப் போடுங்க. கோழி அடையட்டும்.”

“நான் எப்ப மீன் பிடிக்கிறது?”

“அதத்தான் நானும் கேக்குறேன். ஆத்துல தண்ணி வந்தா உங்களுக்கு வயல்ல வேலை. வயல்ல வேலை இல்லாதப்ப ஆத்துல தண்ணியே இல்ல. எந்த மாசங்க பிடிப்பீங்க?”

அவர் விரல்விட்டு மாதங்களை எண்ணினார். திடீரென்று தொடையைத் தட்டினார்.

“ஐப்பசி அடைமழையில! வயலெல்லாம் முங்கிக் கெடக்கும்ல, அப்ப வேலையும் இருக்காது. நம்ம வாசல்லேயே படகை எறக்கிடுவேன்!”

“வாசல்லேயா? அப்ப ட்ரெய்லர் எதுக்குங்க?”

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பேருந்து திருவிடைமருதூரைத் தாண்டிப் போயிருந்தது.