வட்டமாக இருந்த ஓட்டை

பெயர்: புஷ்பராணி ஆனந்தராஜா. வயது: 54. முகவரி: அடுக்குமாடிக் குடியிருப்பு, மூன்றாம் மாடி, குரோருட், ஒஸ்லோ. தொழில்: லில்லெஸ்ட்ரோமில் மூக்குக்கண்ணாடிக் கடை உரிமையாளர். வழக்கில் நிலை: முன்னர் சந்தேக நபர், தற்போது சாட்சி. சாட்சிக்கு நோர்வே மொழி நன்றாகத் தெரியும். எனினும் கோபம் வந்தால் தமிழில்தான் கதை ஒழுங்காக வரும் என்று சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெற்றார். அவர் கூறியதை மொழிபெயர்ப்பாளர் கம்சிகா பதிவு செய்தது பின்வருமாறு:

நான் மேற்படி முகவரியில் என் கணவர் ஆனந்தராஜாவுடன் வசித்து வருகிறேன். காட்டோரத்தில் உள்ள ஒரு கைத்துப்பாக்கிக் கழகத்தில் பல வருடங்களாக உறுப்பினராக இருக்கிறேன். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி வந்தவள் இங்கே வந்து துவக்குப் பிடிக்கிறாள் என்று எங்கள் ஆட்கள் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். அந்தச் சத்தம் என் கையிலிருந்து, நான் நினைத்த நேரத்தில் வந்தால் எனக்குப் பயம் இல்லை. வேறு எந்த இடத்திலும் எனக்கு அவ்வளவு நிம்மதி கிடைத்ததும் இல்லை.

என்னிடம் உரிமத்துடன் இருப்பது .22 ரகத்தைச் சேர்ந்த சின்னக் கைத்துப்பாக்கி. ஒவ்வொரு வெடியின் உதைப்பிலும் அதன் மேற்பகுதி பின்னால் போய், வெடித்து முடிந்த தோட்டாவின் வெறும் கோதை வெளியே எறிந்துவிட்டு, அடுத்த தோட்டாவைத் தானாகவே ஏற்றிக்கொள்ளும். சாதாரண 40 கிரெயின் எடைக் குண்டுள்ள மெதுவான தோட்டாவைப் போட்டால் உதைப்புப் போதாமல் கோது பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். வேகமான தோட்டாவைப் போட்டால் சிக்காது, ஆனால் கை துள்ளி, குண்டுகள் அட்டை முழுவதும் சிதறும். இந்தக் கரைச்சலால் போன வருட மாவட்டப் போட்டியில் எனக்குக் கடைசிக்கு முந்திய இடம்தான் கிடைத்தது.

அதன் பின்னர் நான் துப்பாக்கிக் கடைக்குப் போய் அங்கே வேலை செய்யும் நிருஜன் என்பவரிடம் விசாரித்தேன். அவர், "அன்ரி, இந்தப் பாரக் குண்டைப் போட்டுப் பாருங்கோ. அறுபது கிரெயின். மெதுவாத்தான் போகும், ஆனா மேற்பகுதியை நல்லாத் தள்ளும்" என்று சொல்லி ஒரு பெட்டி தந்தார். அதன் பின்னர் கழகத்துக்குப் போய் அதைச் சுட்டுப் பார்த்தேன். ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. சந்தோசத்தோடு போய் அட்டையைப் பார்த்தால், ஒரு ஓட்டையும் வட்டமாக இல்லை, எல்லாம் பயற்றங்காய்த் துண்டு மாதிரி நீளமாகக் கிழிந்திருந்தன. பாரக் குண்டு நீளமானது. குண்டு நேராகப் போக அதைச் சுழற்றிவிடுவதற்கு என் துப்பாக்கியின் குழலுக்குள் திருகலாக வெட்டியுள்ள சுழிவரி அந்த நீளத்தைச் சுழற்றப் போதாது. அதனால் குண்டு நேராகப் போகாமல் குப்புறப் புரண்டு பக்கவாட்டில் போய் அடிக்கிறது. நான் அலுத்துப்போய், மிஞ்சிய தோட்டாக்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வெறும் பெட்டியைக் கழகத்துக் குப்பைத் தொட்டிக்குள் எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் பொலிசார் என் கடைக்கு வந்து என்னிடம் விசாரித்தார்கள். முதல் நாள் பின்னேரம் கழகத்து வேலிக்கு வெளியே உள்ள மரக் கழிப்பறையின் கதவை ஒரு குண்டு துளைத்துப் போயிருக்கிறது என்றும், நல்லவேளையாக உள்ளே ஆள் இல்லை என்றும், குண்டு கிடைக்கவில்லை என்றும் சொன்னார்கள். சுடுதளப் பொறுப்பாளர் ஊட்வார் என்பவர், நான் அந்தப் பாரக் குண்டுப் பெட்டியிலிருந்து தோட்டா ஏற்றிக் கவனமில்லாமல் அந்தப் பக்கம் சுட்டதைக் கண்ணால் கண்டதாகச் சொல்லி, பெட்டியையும் எடுத்துக் கொடுத்திருந்தார். கழகத்தில் அந்தப் பெட்டி வாங்கியது நான் ஒருத்திதான். அதன் பின்னர் என் துப்பாக்கியை எடுத்துச் சென்றார்கள், உரிமமும் இடைநிறுத்தப்பட்டது, சுடுதளத்துக்குள் போகவும் தடை வந்தது. குற்றம் உறுதியானால் இனி ஒருபோதும் சுட முடியாது. மாவட்டப் போட்டியும் கிட்டவாக வந்துகொண்டிருந்தது.

கோயிலில் எங்கள் ஆட்களோடு கதைத்துக்கொண்டு நின்ற பூமணி அக்கா என்னைக் கண்டதும் கதையை நிறுத்தினார். கணவர் வீட்டில், "உமக்கு விசரே? இந்த வயதிலை துவக்கு விளையாட்டுத் தேவையோ? பேசாமல் பிழைதான் எண்டு சொல்லிப்போட்டு வாரும்" என்றார். நான், "இஞ்சேருங்கோ, நான் சுடாத வெடிக்கு நான் ஏன் தலை குனியவேணும்?" என்று கேட்டேன். அதன் பின்னர் அவர் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

அதன் பின்னர் விசாரணை அதிகாரி இங்வில் அவர்கள், மிஞ்சிய தோட்டாக்களை எடுக்கவும் துப்பாக்கிப் பெட்டகத்தைப் பார்க்கவும் எங்கள் வீட்டுக்கு வந்தார். கடமைக்கு வந்தால் சப்பாத்துக் கழற்றுவதில்லை என்று அவர் சொன்னார். சுவாமியறை இருக்கிற வீடு, ஆர் வந்தாலும் கழற்றித்தான் ஆகவேண்டும் என்று நான் வாசலை மறித்து நின்றேன். கணவர் பின்னால் நின்று என் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. கடைசியில் அதிகாரி சிரித்துவிட்டுக் குனிந்து நாடாவை அவிழ்த்தார்.

சுட்டு முடிந்த அட்டைகளை நான் எறிவதில்லை. நல்ல தடித்த அட்டை. பனித்தண்ணியும், வழுக்காமல் இருக்க வீதியில் கொட்டுகிற சல்லிக்கல்லும் நிலத்தில் படாதபடி வாசலில் உள்ள சப்பாத்துத் தட்டில் விரித்துவிடுவேன். அதிகாரி ஒரு சப்பாத்தைக் கழற்றித் தட்டில் வைக்கப் போனவர், அப்படியே நின்று, "இந்த ஓட்டைகள் ஏன் இப்படி நீளமாக இருக்கின்றன?" என்று கேட்டார். அந்தப் பெட்டிக் குண்டு என் துப்பாக்கியில் அப்படித்தான் அடிக்கும், அதனால்தான் அதை விட்டேன் என்றேன். சொல்லி முடிக்கும்போதுதான் எனக்கே மூளையில் பட்டது. கழிப்பறைக் கதவை எனக்கு ஒருவரும் காட்டியிருக்கவில்லை. கதவில் உள்ள ஓட்டை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் காலில் காலுறையுமாக நின்று கைபேசியில் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினார். ஓட்டை காசு மாதிரி வட்டமாக இருந்தது. நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சீலைத் தலைப்பை விட்டிருந்தார்.

அதன் பின்னர் பொலிஸ் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் சுடுதளத்தில், கழிப்பறைக் கதவு இருந்த அதே தூரத்தில் பலகை நிறுத்தி, என் துப்பாக்கியால் மிஞ்சிய தோட்டாக்கள் எல்லாவற்றையும் சுட்டார். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். பலகையில் பட்டதெல்லாம் நீளமாகவே கிழித்தது, ஒரு வட்டம்கூட இல்லை. எனக்குக் கை தட்டவேண்டும் போல் இருந்தது. தட்டினேன்.

அதன் பின்னர், கதவைத் துளைத்தது அந்தப் பெட்டிக் குண்டு இல்லை என்று தெரிந்ததால், ஊட்வாரை மீண்டும் விசாரித்தபோது, தன் சொந்த நீளத் துப்பாக்கியை வெறுமையாக்கும்போது உள்ளே ஒரு தோட்டா இருந்ததை மறந்து தானே வெடி விட்டதாகவும், பொறுப்பாளர் பதவி போய்விடும் என்று பயந்து குப்பைத் தொட்டியில் கண்ட பெட்டியை வைத்து என் பெயரைச் சொன்னதாகவும் ஒப்புக்கொண்டார் என்று அதிகாரி எனக்கு அறிவித்தார். பின்னர் ஊட்வார் என் கடைக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். நான் மன்னிப்பதாகச் சொல்லவில்லை. கண் பரிசோதனை வேண்டுமானால் முன்பதிவு செய்யலாம் என்று சொன்னேன்.

துப்பாக்கியும் உரிமமும் எனக்குத் திருப்பித் தரப்பட்டன. அதன் பின்னர் நிருஜனிடம் போய், பாரமும் வேண்டும், புரளவும் கூடாது என்று நின்று, 45 கிரெயின் குண்டு வாங்கினேன். அது சிக்கவும் இல்லை, புரளவும் இல்லை. கடந்த சனிக்கிழமை நடந்த மாவட்டப் போட்டியில் நான் முதலாவதாக வந்தேன். அந்த அட்டையைச் சப்பாத்துத் தட்டில் போடவில்லை. என் கணவர் அதை வாங்கி, ஓட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தானே கொண்டுபோய்ச் சுவாமியறையில் வைத்தார்.

இதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஒரு சொல்லும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் கண்டதையும் செய்ததையும் மட்டுமே சொன்னேன், எல்லாம் உண்மை. என்னைச் சந்தேக நபர் என்று எழுதிய முதல் தாளில் நான் கையெழுத்து வைக்க மறுத்தேன். இதில் விருப்பத்தோடு வைக்கிறேன்.

(ஒப்பம்) பு. ஆனந்தராஜா