விளையாட்டுத் திடலைக் காத்த வினா: நெவேனா ரூசெவா அம்மையாருக்கு

கேள்வி கேட்கக் கற்பித்த கோமகளே, ஐயத்தை அறமாக்கிய ஆசானே, நெவேனா ரூசெவா அம்மையாரே, வணக்கம்.

பால்கன் மலையடிவாரத்து நம் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தோராண்டு சமூகவியலும் குடிமையியலும் பயிற்றுவித்து விடைபெறும் தங்களை வாழ்த்தக் கூடியிருக்கிறோம். வாழ்த்துமுன் ஒன்று: தங்கள்மீது சந்தேகம் இல்லாமல் இந்த ஆசிரியர் அறையில் ஒரு நாளும் கழிந்ததில்லை.

சென்ற வசந்தத்தில், நகரத் தலைவர் ஸ்டாமென் கோரானொவ் நம் விளையாட்டுத் திடலைப் புதிய விடுதியின் கார் நிறுத்தத்துக்குக் கொடுத்துவிட்டதாக ஊரெங்கும் பேச்சு. தாங்களோ பத்தாம் வகுப்பை நகரமன்றக் கூட்டத்துக்கு அழைத்துப்போய்ப் பார்வையாளர் வரிசையில் அமர்த்தினீர்கள். ஒரு மாணவன் எழுந்து தாளைப் பார்த்துப் படித்தான்: "திடலைக் குடுக்கலாம்னு எந்தக் கூட்டத்துல ஓட்டெடுத்தீங்க?" அப்படியொரு கூட்டமே நடக்கவில்லை. தலைவர் அவசரமாக அவையைக் கலைத்தார்.

மறுநாள் தலைமையாசிரியருக்கு நகரத் தலைவரிடமிருந்து தொலைபேசி. "அத எழுதிக் குடுத்தது யாருன்னு தெரியணும். இல்லன்னா ரூசெவா அங்க வேலை பாக்க மாட்டாங்க."

ஆசிரியர் அறையில் எங்களுக்கும் தங்கள்மீதே சந்தேகம். கணித ஆசிரியர் க்ரூம் மட்டும் பனீட்சா என்னும் பாலாடைக்கட்டி அப்பத்தை மென்றபடி கேட்டேவிட்டார்: "உண்மையச் சொல்லுங்க மேடம், எந்தக் கட்சி எழுதிக் குடுத்துச்சு?"

"எழுதினது என் வகுப்புப் பிள்ளை. பேரச் சொல்ல மாட்டேன்."

நாங்கள் நம்பவில்லை. தாங்கள் அதைப் பொருட்படுத்தவும் இல்லை.

அடுத்த வாரம் தலைவரே வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். தாங்கள் அரசமைப்புப் பாடத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் நடத்தி முடித்தீர்கள். "இப்பவாவது பேரச் சொல்றீங்களா?" என்றார். மாட்டேன் என்றீர்கள். அப்போது முன்வரிசையில் எழுந்தவள் அவருடைய மகள் தெமெனுகா.

"நான்தாம்பா எழுதினேன். உங்க மூஞ்சியப் பாத்துக் கேக்கப் பயம், அதான் அவன்கிட்ட குடுத்தேன். டீச்சருக்கு அப்பவே தெரியும்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். திடலில் இன்றும் பந்து உருள்கிறது. ஒரு பெயரைச் சொல்லித் தப்பியிருக்கலாம். தம் பணியைப் பணயம் வைத்து ஒரு பெண்ணின் நாவைத் தானே அவிழ விட்ட தகைமையாளரே, தலைவணங்குகிறோம்.

எனினும் சந்தேகம் தீரவில்லை. ஓய்வுக்கு இன்னும் ஈராண்டு இருக்க, சரியாகத் தேர்தல் ஆண்டில் ஏன் போகிறீர்கள்? "தக்காளி நடப்போறேன்" என்கிறீர்கள். ஒருவரும் நம்பவில்லை.

நோயற்ற உடலும் நோகாத நெஞ்சும் பெற்று நெடுங்காலம் வாழ்க. தாங்கள் நகரத் தலைவரானால் எங்கள் வாழ்த்து உண்டு. பார்வையாளர் வரிசையில் எங்களுக்கு இடமும் வேண்டும். முதல் கேள்வியை க்ரூம் இப்போதே எழுதிவிட்டார்.

மாறா அன்புடனும் தீராச் சந்தேகத்துடனும்,
ஆசிரியர் அறைத் தோழர்கள்