மலர் தூவித் தண்ணீர் திறந்த நாள்

தண்ணீரில் தூவுவதற்குச் சாமந்திதான் நல்லது, வக்கீலம்மா. ரோஜா இதழ் கைக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் கலங்கிய தண்ணீரில் விழுந்தால் படத்தில் தெரியாது. மஞ்சள் சாமந்தி மிதந்துகொண்டே போகும், கேமராவுக்குக் கொஞ்ச தூரம் வரைக்கும் கிடைக்கும். அரசியலுக்கு வந்தால் இதையெல்லாம்கூடக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சட்டம் படித்த உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம்.

காபி ஆறுகிறது, குடியுங்கள். நெம்மேலிக்குத் தெற்கே, வாசலில் கடலோடு இந்த லட்சுமணனுக்கு எப்படி இந்த வீடு வந்தது என்று எழுதாத பத்திரிகை இல்லை. ஏரி மண்ணில் முளைத்த வீடு என்றார்கள். பொய்யில்லை. எங்கள் நல்லாம்பூர் ஏரியைத் தூர்வாருகிறேன் என்று எடுத்த மண் கேளம்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அடியில் கிடக்கிறது. அதில் கொஞ்சம் இந்தச் சுவராகவும் ஆகியிருக்கிறது. இரண்டு முறை கட்சி மாறினேன். ஒரு முறை மாறிய கையோடு மந்திரியும் ஆனேன். இதற்கெல்லாம் எனக்கு வெட்கம் வந்ததில்லை. நாலு பேர் செய்வதைத்தானே செய்தோம் என்று படுத்தால் தூக்கம் வந்துவிடும்.

நான் வெட்கப்படுவது வேறொன்றுக்காக. நீங்கள் யாருக்காக வாதாடுகிறீர்களோ அந்த ஏரி எஞ்சினியர் ஸ்ரீதேவிக்கும் எனக்கும் இடையில் உள்ள விஷயம். ஒன்பது பேர் சாவுக்கு அவர் காரணம் என்று செங்கல்பட்டு நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னவன் நான். அடுத்த வெள்ளிக்கிழமை தீர்ப்பு. அதனால்தான் உங்களை வரச் சொன்னேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் ஏரிக்குக் கீழே இருக்கிற காலனியில் பிறந்தவன். என் அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவள். எங்கள் காலனிக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் உபரிக் கால்வாய் ஓடுகிறது. அதைத் தாண்ட ஒரு தரைப்பாலம். ஏரி நிரம்பி ஷட்டரை முழுசாகத் தூக்கினால் தண்ணீர் அந்தப் பாலத்தின் மேலேயே போகும். அதனால் ஷட்டர் தூக்குவதற்கு முன்னால் சைரன் ஊத வேண்டும் என்று விதி. காலனியில் அதைச் சங்கு என்பார்கள். சங்கு ஊதினால் பாலத்தை விட்டு மேலேற வேண்டும் என்பது அங்கே நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

என்னோடு அந்தக் கால்வாயில் மீன் பிடித்தவன் தேவசகாயம். சுவரில் சின்னம் வரைந்துகொண்டிருந்த என்னை முதல் தேர்தலில் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனவனும் அவன்தான். அதுவரை என்னை 'டா' போட்டுத்தான் கூப்பிடுவான். நான் மந்திரியான அன்றிலிருந்து 'அண்ணாத்த' என்று மாற்றிக்கொண்டான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. காதுக்கு நன்றாகத்தான் இருந்தது.

போன வருடத்துக்கு முந்தைய வருடம், கார்த்திகை மழை. நான் மாமல்லபுரத்தில் ஒரு கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுக்கப் போயிருந்தேன். காலையில் ஸ்ரீதேவி போன் செய்தார்.

"சார், ஏரி நிரம்பிடுச்சு. ஷட்டரை இப்பவே கொஞ்சம் கொஞ்சமா தூக்கினா கால்வாய் தாங்கும், பாலத்து மேல ஏறாது. தூக்கிடட்டுமா?"

சட்டப்படி அவர் என்னைக் கேட்கவே வேண்டியதில்லை. ஆனால் மந்திரியின் தொகுதியில் மந்திரி இல்லாமல் தண்ணீர் திறந்த எஞ்சினியர் அடுத்த மாதம் எந்த ஊரில் இருப்பார் என்பது அவர்களுக்கே தெரியும். பாசனத்துக்குத் திறக்கும்போதுதான் பூத் தூவுவது வழக்கம். வெள்ளத்துக்கு யாரும் பூப் போடுவதில்லை. எனக்கு மட்டும் ஆசை. தூர்வாரினேனா மண் திருடினேனா என்று ஊர் கேட்டுக்கொண்டிருந்தபோது ஏரி நிரம்பி நிற்கிறது. இதைவிட நல்ல பதில் ஏது?

"நான் வந்து பூப் போட்டுத் திறக்கறேம்மா. எங்க ஊரு ஏரி. அதுவரைக்கும் கை வெக்காதீங்க" என்றேன்.

அடுத்து தேவசகாயத்துக்குப் போன் போட்டேன். "மச்சான், திறந்துட்டு நேரா காலனிக்குத்தான் வர்றேன். தரைப்பாலத்தாண்ட பொம்பளைங்கள ஆரத்தியோட நிக்க வையி. தீவாளிக்குக் குடுத்த சேல கட்டிகினு வரச் சொல்லு."

"அத்த நான் பாத்துக்கறேன் அண்ணாத்த, நீ வா" என்றான்.

கல்யாணத்தில் சாப்பாடு, பிறகு படம், பிறகு கேளம்பாக்கத்தில் ஒரு கடைத் திறப்பு. ஸ்ரீதேவி மறுபடி மறுபடி கூப்பிட்டார். உதவியாளர் சீனுதான் எடுத்தான். "வந்துகினே கீறாரு மேடம்" என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. அப்போது நான் இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. மழை கொஞ்சம் விட்டிருந்தது. பந்தல், மேளம், மைக் எல்லாம் தயாராக இருந்தன. தண்ணீர் கரையின் விளிம்பில் நின்றது. ஸ்ரீதேவி நனைந்தபடி ஓடி வந்தார்.

"சார், இனிமே கொஞ்சம் கொஞ்சமா முடியாது. முழுசாத்தான் தூக்கணும், இல்லன்னா கரையே போயிடும். கீழே ஒருத்தரும் இருக்கக் கூடாது. சைரன் போட்டுட்டேன்."

சைரன் அலறிக்கொண்டுதான் இருந்தது. அதே நேரத்தில் டிவிக்காரர்கள் என் வாயருகே மைக்கை நீட்டினார்கள். என் அம்மா இந்த ஏரித் தண்ணீரில் நாற்று நட்ட கதையை ஆரம்பித்தேன். ஒரு வார்த்தையும் பதிவாகவில்லை. ஒரு பையன், "சார், சத்தம் நின்னா மறுபடி எடுத்துக்கலாம்" என்றான்.

நான் சீனுவைப் பார்த்து, "அத்த நிறுத்தச் சொல்றா" என்றேன்.

"சார், அது நிக்கக் கூடாது" என்றார் ஸ்ரீதேவி. சீனு ஷட்டர் அறைக்குள் போய்த் தானே நிறுத்திவிட்டான். நான் அம்மா கதையை முதலிலிருந்து சொன்னேன். நன்றாக வந்தது. கண்கூடக் கலங்கியது. பிறகு பூத் தூவினேன், பட்டனை அழுத்தினேன். கைதட்டினார்கள்.

சைரனை மறுபடி போடச் சொல்ல மறந்துவிட்டேன். இதைத்தான் இரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்படி வைத்துக்கொண்டால் மறதி என்ற அளவில் முடிந்துவிடும். மறதி யாருக்குத்தான் இல்லை? ஆனால் உங்களை இவ்வளவு தூரம் வரவழைத்துவிட்டு இதையே சொன்னால் நன்றாக இருக்காது.

நான் மறக்கவில்லை. பூக்கூடையில் கை வைத்தபோது ஸ்ரீதேவி என் பக்கத்தில் வந்து, "திரும்பப் போடச் சொல்லுங்க சார், பாலத்துல ஆளுங்க நிக்கறாங்க" என்று கையை நீட்டிக் காட்டினார். பார்த்தேன். கரை மேட்டிலிருந்து தரைப்பாலம் தெளிவாகத் தெரியும். எல்லாம் ஒரே நிறச் சேலை, என் கட்சி நிறம். நானே நிறுத்தி வைத்த ஆட்கள் எனக்குத் தெரியாமல் போவார்களா? போட்டோகிராபர், "வெளிச்சம் போகுது தலைவரே" என்றார். நான் ஸ்ரீதேவியிடம், "மொதல்ல பூப் போட்டுடலாம்" என்றேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அவர்களை ஏறச் சொல்ல ஒரு வார்த்தை போதும். சொல்லியிருந்தால் எல்லாக் கேமராவும் கீழே திரும்பியிருக்கும். மந்திரி வரவேற்புக்காக ஜனங்களை வெள்ளத்தில் நிறுத்தினார் என்று அன்று இரவே டிவியில் ஓட்டியிருப்பார்கள். தண்ணீரைப் பார்த்தால் ஓடிவிடுவார்கள் என்று நினைத்தேன். காலோடு பிறந்தவர்கள்தானே என்று நினைத்தேன். இவ்வளவு கேவலமான ஒரு நினைப்பை இப்போது வாயால் சொல்லும்போது உடம்பு கூசுகிறது, ஆனால் அன்று அது எனக்கு நியாயமாகவே பட்டது.

அவர்கள் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்பதைத் தப்பித்தவர்கள் பிறகு சொன்னார்கள். சங்கு ஊதியதும் பெண்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறியிருக்கிறார்கள். சங்கு நின்றதும் தேவசகாயம் அவர்களைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறான். "சங்கு நின்னுடுச்சு, இன்னிக்கித் தண்ணி முழுசா தொறக்கல போல. அண்ணாத்த வர்ற நேரம், லைன கலைக்காதீங்க" என்று ஒவ்வொருவராகப் பிடித்து நிறுத்தியிருக்கிறான். எனக்காகத்தான். அந்த ஒன்பது பேரில் ஒருவனாக வெள்ளத்தோடு அவனும் போனான். அவன் மகள் சிநேகாவும் போனாள். செங்கல்பட்டில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தவள், நான் வருகிறேன் என்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அவன் மனைவி எல்லம்மாள் சூடம் எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்ததால் பிழைத்தாள்.

சாவு வீட்டில் நான் அழுதது நடிப்பு இல்லை. ஆனால் அழுதுவிட்டு வெளியே வந்ததும் சீனுவிடம் பேசி முடித்துவிட்டேன். எஞ்சினியரம்மா தானே சைரனை நிறுத்தினார், தானே அவசரப்பட்டு முழுவதும் திறக்கச் சொன்னார் என்று இருவரும் ஒரே மாதிரி சொன்னோம். அவர் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. மதுராந்தகத்தில் அவர் குடியிருந்த வீட்டில் கல்லெறிந்தார்கள். அவரைச் சஸ்பெண்ட் செய்த பேப்பர் என் பார்வைக்கு வந்துதான் போனது.

நான் சாட்சி சொன்ன அன்று நீங்கள் உள்ளே இருந்தீர்கள். வெளியே வேப்பமரத்தடியில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. எல்லம்மாள் பாய்ந்து போய் ஸ்ரீதேவியைக் கன்னத்தில் அறைந்தாள். "சங்க நிறுத்துனியேடி, எம்பொண்ணு உனுக்கு இன்னாடி பண்ணா?" என்று கேட்டாள். ஸ்ரீதேவி கையை ஓங்கவில்லை, விலகவும் இல்லை. நான்தான் எல்லம்மாளைப் பிடித்து உட்கார வைத்து, பாட்டிலைத் திறந்து தண்ணீர் கொடுத்தேன். அவள் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீ ஒருத்தன் கீறதாலதான் அண்ணாத்த நான் உசுரோட கீறேன்" என்றாள்.

ஸ்ரீதேவி என் முன்னால் வந்து நின்றார். "சார், என்னை ஜெயில்ல போடுங்க. சைரனை நான் நிறுத்தலன்னு மட்டும் அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார்.

எல்லம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் சீனுவிடம் வண்டியை எடுக்கச் சொன்னேன்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாராவது கையெடுத்துக் கும்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். இந்தத் தேர்தல் பிரசாரத்துக்குப் போனால் காலனியில் மறுபடியும் ஆரத்தி எடுக்கிறார்கள். நெற்றியைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது மண்ணுக்குள் போய்விடலாம் போல இருக்கிறது. எல்லம்மாள்தான் தட்டைப் பிடிக்கிறாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். சைரனை நிறுத்தச் சொன்னது நான். பாலத்தில் ஆள் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பட்டனை அழுத்தியதும் நான். ஸ்ரீதேவி மேல் ஒரு தப்பும் இல்லை. இதில் ஒரு வார்த்தையையும் நான் மாற்றமாட்டேன். இதைச் சொன்ன பிறகு மனசு லேசாக இருக்கிறது, நிஜமாகவே.

டைப் அடித்துத் தயாராக வைத்திருங்கள். ஓட்டு எண்ணி முடிந்த மறுநாள் நானே உங்கள் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடுகிறேன். தீர்ப்பு அதற்கு முன்னாலேயே வந்துவிடும் என்கிறீர்கள், தெரியும். எஞ்சினியரம்மாவிடம் எடுத்துச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார். அன்றைக்கும் நான் வரும்வரை காத்திருந்தவர்தானே.