இன்னொருதரம்

எனக்கு முதல்ல துரோகம் பண்ணினது உங்க பேராசிரியர்தான் தம்பி. மத்தவங்கல்லாம் அவருக்கு அப்புறம்தான். அழைப்பிதழைக் கீழ வெச்சுட்டு உக்காருங்க. பாராட்டு விழாவுல அவரைப் பத்தி நான் நாலு வார்த்தை பேசணும், அவ்வளவுதானே? பேசறேன். முதல்ல நீங்க கேளுங்க.

அவரோட ஆராய்ச்சிக்கூடத்துல லேத் ஓட்டினவன் நான். எட்டாவதுக்கு மேல ஏறல. அவரு இயற்பியல்ல பெரிய படிப்பு. வானத்துலேருந்து விழற கதிரை எண்ணறதுக்கு, காத்தே புகாத பெட்டி ஒண்ணு வேணும்னாரு. செஞ்சு குடுத்தேன். மூடியை விரலால தடவிப் பாத்துட்டு, இன்னொருதரம் கடைஞ்சிடலாம்ப்பான்னாரு. கடைஞ்சேன். மறுபடியும் இன்னொருதரம். பட்டறையில அவருக்குப் பேரே அதுதான். இன்னொருதரம் வர்றாரு, டீயை மறைடாம்பானுங்க. நீங்க சிரிக்கலாம். எனக்குக் கை வீங்கிப்போச்சு.

ஆனா அப்போ கோவம் வந்ததில்ல. ஒரு தடவை கட்டுரை அச்சுக்கே போயாச்சு, வெளிநாட்டுக்காரனுங்க மாலை கட்டாத குறை. ஏதோ ஒரு அளவு உறுத்துதுன்னு இவரே திருப்பி வாங்கிட்டாரு. தப்பாச் சொல்றதுக்குச் சொல்லாமலே இருக்கலாம்ப்பான்னாரு எங்கிட்ட. அன்னைக்கு அவருக்காக உசிரைக் கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன்.

அப்புறம் சர்க்கார் கூப்பிட்டுச்சு. ஆலைப் பாதுகாப்பு வாரியத்துக்குத் தலைவர். காரு, கதவைத் திறக்க ஒரு ஆளு. நல்லதும் பண்ணாரு, இல்லேங்கல. புகை கக்கின ஆலைக்கெல்லாம் பூட்டுப் போட்டாரு. அதை மேடையில மத்தவங்க சொல்லிக்குவாங்க.

உர ஆலையில பாய்லர் வெடிச்சுதே, ஞாபகம் இருக்கா? நீங்க அப்போ சின்னப் பையனா இருந்திருப்பீங்க. மூணு பேர் செத்தாங்க. விசாரிக்க இவரேதான் வந்தாரு. எங்க உக்காந்தாரு? மேனேஜர் ரூம்ல, ஏசிக்குக் கீழ. அழுத்தம் காட்டற கேஜைத் துடைச்சு மேசை மேல கொண்டாந்து வெச்சானுங்க. கையில எடுத்துக்கூடப் பாக்கல. பாய்லர் ஓட்டினவன் முள்ளைக் கவனிக்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு, அன்னைக்கே கிளம்பிட்டாரு.

அந்த முள்ளு சிக்குதுன்னு ஓட்டினவன் சொல்லிட்டேதான் இருந்தான். எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறீங்க. சாப்பிட உக்காரும்போதெல்லாம் எங்கிட்டதான் சொல்லுவான். அவன் எம் பையன், தம்பி.

செத்துப்போன மத்த ரெண்டு பேர் வீடும் இதே தெருதான். எம் மருமக கடைக்குப் போனா, நிக்கிறவங்க விலகிப் போயிடறாங்க. ரெண்டு பேரைக் கொன்னவன் பொண்டாட்டியாம்.

நேர்ல போய்ப் பாத்தேன். இன்னொருதரம் பாருங்கய்யான்னேன். ஃபைல் மேல போயாச்சுப்பான்னாரு. சுவத்தைப் பாத்துச் சொன்னாரு.

ஏன் எழுந்துட்டீங்க? வர்றேன்னுதானே சொல்றேன். காரெல்லாம் வேணாம், பஸ்ஸுலயே வந்துக்கறேன். அவரோட பொறுமையைப் பத்திப் பேசணும்னீங்களே, அதைத்தான் பேசப்போறேன். அந்தக் கேஜை அப்பவே வாரியத்துக்கு எடுத்துட்டுப் போனானுங்க, இன்னும் அங்க அலமாரியிலதான் கிடக்கு. தகரப் பெட்டி மூடிக்கு அத்தனை தரம் பாத்த மனுஷன், எம் பையனுக்கு ஒருதரம் பாக்கி வெச்சிருக்காரு.

மேடையில அவரு நாற்காலி எனக்குப் பக்கத்துலதானே போடறீங்க?