வெள்ளானூரிலிருந்து கடல்வரை அளந்து வந்த செயின்மேன் துலுக்கானம் அவர்களுக்கு

சங்கிலி சுமந்த தோளராய், சலியாத காலராய், சர்க்கார் நிலத்தின் சந்து பொந்தெல்லாம் சரியாய் அளந்தவராய், இருபத்தொன்பது ஆண்டுகள் எங்களோடு வெயிலில் நின்ற பெருந்தகையீர்! அம்பத்தூர் முதல் ஆவடி வரை, பூந்தமல்லி முதல் பட்டாபிராம் வரை, எல்லைக்கல் எந்த மண்ணில் புதைந்து கிடந்தாலும் காலால் தட்டிப் பார்த்தே கண்டுபிடித்த கலைவல்லீர்! கடப்பாறையையும் கைக்குழந்தை போல் கவனமாய்த் தூக்கிய கண்ணியரே! செயின்மேன் திரு. துலுக்கானம் அவர்களே! வணக்கம்!

வெள்ளானூர்ச் சாலைக் குடியிருப்புத் திட்ட அலுவலக ஊழியர்களாகிய நாங்கள், 1978 ஜூன் முப்பதாம் நாளாகிய இன்று, தாங்கள் பணி ஓய்வு பெறும் இவ்வேளையில் இம்மடலைத் தங்கள் கரங்களில் சேர்க்கிறோம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். போன வாரம் தலைமை எழுத்தர் சம்பத், "உங்களப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க, மடல்ல சேர்க்கணும்" என்று கேட்டதற்கு, "இன்னா நைனா கீது சொல்றதுக்கு? செயினுக்கு ரெண்டு மொனை. ஒண்ண நான் புடிச்சேன், இன்னொண்ண வேற ஆளு புடிச்சான்" என்று முடித்துவிட்டீர்கள். ஆகவே இந்த மடலின் நடுப்பகுதியில் தங்களை 'அவர்' என்றே எழுதுகிறோம். யாரோ ஒருவருடைய கதை என்று நினைத்துக்கொண்டு, தயவுசெய்து நாற்காலியிலேயே இருங்கள்.

அது 1972-ஆம் ஆண்டு, மார்ச் மாதம். கரையோரத் திட்டம் ஒன்றுக்காகக் காசிமேட்டுப் பக்கத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட நாற்பத்திரண்டு மீனவக் குடும்பங்களுக்கு வெள்ளானூர்ச் சாலையில் மலிவு விலை வீடுகள் கட்டிக் கொடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வீடுகளில் குறையில்லை. நேரான சுவர், கான்கிரீட் கூரை, கொல்லைப்புறத்தில் குழாய். ஆனால் சோதனைக்குப் போன போதெல்லாம் முப்பத்தொரு கதவுகளில் பூட்டுத் தொங்கியது. கட்டுமரம் கடலில் கிடக்க, ஆள் மட்டும் வெள்ளானூரில் படுத்தால் அடுப்பு எரியுமா? ஆண்கள் கரையிலேயே கிடந்தார்கள். பெண்கள் விடிந்ததும் கூடையோடு மீன் விற்கப் போய்ப் பொழுது சாய்ந்து திரும்பினார்கள். குடியிருக்காத வீட்டின் ஒதுக்கீடு ரத்து என்பது விதி. பதினேழாம் எண் வீட்டுக் கெங்கம்மாளின் கதவிலும் நோட்டீஸ் ஒட்டியாயிற்று. முப்பது நாள் தவணை. அந்த வீடும் போனால் கரையிலும் இடமில்லை, இங்கேயும் இடமில்லை.

இப்பகுதிச் சட்டமன்ற உறுப்பினர் திரு. பரந்தாமன் சபையில் கேள்வி கொடுத்தார். பூட்டிய வீடுகள் எத்தனை? ரத்து செய்ய உத்தேசமா? மூன்றாவதாக, இந்தக் குடியிருப்புக்கும், குடியேறியவர்கள் தொழில் செய்யும் கடலுக்கும் உள்ள தூரம் எவ்வளவு? மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் பதில் மேலே போயாக வேண்டும் என்று எங்கள் அலுவலகத்துக்குத் தாள் வந்தது.

முதலிரண்டும் நிமிடத்தில் முடிந்தன. மூன்றாவதில் மாட்டிக்கொண்டோம். எங்கள் வரைபடம் கிழக்கே பாடி என்ற ஊரோடு முடிந்துபோயிருந்தது. கரையோரத் திட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டால், அவர்களுடைய வரைபடம் கரையில் தொடங்கிக் கடலுக்குள் போகிறதாம். நிலப்பக்கம் வெறும் வெள்ளைத்தாளாம். நடுவில் இருக்கும் ஊர்களுக்கு எந்த மேசையிலும் படமில்லை.

"ஆகாயத்துல நேர்க்கோடு போட்டு எழுதிடலாமா?" என்றார் சம்பத்.

"கெங்கம்மா பறந்தா போறாங்க?" என்றார் தட்டச்சர் தாட்சாயிணி.

"ஜீப்ல போனா அம்பது நிமிஷம்னு என்ஜினியர் சொல்றாரும்மா."

"கேட்டது கிலோமீட்டர் சார். நம்ம செயின் அடிக்கணக்கு. அதை வேற மாத்தணும்."

"அய்யோ, தலை சுத்துது. துலுக்கானம்! காலைல நீ போய்ப் பார்த்துட்டு வந்துடு."

"எத்தப் பாக்கணும் சார்?"

"கடலைய்யா, கடல!"

அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடலைப் பார்த்து என்ன செய்வது? ஆனாலும் மறுநாள் காலையில் நூறடிச் செயினைத் தோளில் மாட்டிக்கொண்டு பதினேழாம் எண் வாசலில் போய் நின்றார். ஆவடித் தொழிற்சாலையின் ஆறு மணிச் சங்கு அப்போதுதான் ஊதியது. கெங்கம்மாள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, காலங்காத்தால செயினத் தூக்கிகினு வந்து நிக்கிறே? ஊட்ட இடிக்கப் போறியா?"

"இல்லம்மா. இங்கருந்து கடல் எம்மாந்தூரம்னு அளக்கணுமாம்."

"யாரு கேட்டது?"

"கவர்மெண்டு."

"கொண்டாந்து உட்டு ரெண்டு வருசம் கழிச்சா கேக்குது? சரி வா, நானும் அங்கதான் போய்கினு கீறேன்."

"செயின்ல ஒரு மொனைய நீ புடிக்கிறியாம்மா?"

"தலையில கூடை கீதே, கண்ணு தெர்ல உனுக்கு?"

செயின் தோளிலேயே இருந்துவிட்டது. இருவரும் நடந்தார்கள். பாதி வழியில் ஒரு பஸ் நின்றது. கூடையைப் பார்த்ததும் நடத்துனர் கையை ஆட்டினார்.

"காலிக் கூடைப்பா!" என்று துலுக்கானம் குரல் கொடுத்தார்.

"கூடை காலி, சரி. நாத்தம் காலியாவலியே அண்ணாத்தே! போலாம், ரைட்!"

"தெனம் இதே பாட்டுத்தான்," என்றார் கெங்கம்மாள். "உன்ன ஏத்திக்குவான். நீ வேணா போ."

அவர் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதுதான் பிற்பாடு எங்களை ஆறு ஆண்டுகள் குழப்பியது.

ஆவடி நிலையத்துக்கு ஒன்றே கால் மணி நடை. கூடைக்காரர் பெட்டி உள்ள வண்டிக்காக அரை மணி காத்திருப்பு. பேசின் பிரிட்ஜ் வரை நாற்பது நிமிடம் ரயில். அங்கிருந்து கரைக்கு மறுபடி ஒரு மணி நடை. அவரிடம் கடிகாரம் கிடையாது. நிலையத்துக் கடிகாரங்களைப் பார்த்துப் பார்த்து மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டே போனார். மணலை அடைந்ததும் கெங்கம்மாள் கூடையை இறக்கினார்.

"இதான் கடல். அளந்துக்கோ."

அவர் ஏலம் விட்டுக்கொண்டிருந்த ஆளிடம் போய் மணி கேட்டார். ஒன்பது இருபத்தைந்து. ஆறு மணிச் சங்கிலிருந்து கணக்குப் போட்டு, விடையைப் பீடிக்கட்டுத் தாளில் எழுதிக்கொண்டார். தனியாகத் திரும்பியபோது கூடவே கூடையில்லை, பஸ் ஏற்றிக்கொண்டது. பதினொன்றரைக்கெல்லாம் அலுவலகம்.

சம்பத் போனில் கத்திக்கொண்டிருந்தார். என்ஜினியர் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார். தாட்சாயிணி தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகி, 'தூரம்' என்ற இடத்தைக் காலியாக விட்டுக் காத்திருந்தார். பீடித்தாளில் இருந்தது அப்படியே அதில் ஏறியது. என்ஜினியர் ஜீப்பின் முன்மூடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். படித்தாரா என்று கேட்டால் இன்றுவரை பேச்சை மாற்றிவிடுகிறார்.

சபையில் நடந்ததை, அதிகாரிகள் மாடத்தில் உட்கார்ந்து வியர்த்த என்ஜினியரே வந்து சொன்னார். அமைச்சர் கணீரென்று வாசித்தாராம்: "மூன்றாவது வினாவுக்கு விடை. மூன்று மணி இருபத்தைந்து நிமிடம். கூடையுடன்."

சபை சிரித்தது. அமைச்சர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"எந்தக் கூடை?" என்று யாரோ கேட்டார்கள்.

பரந்தாமன் எழுந்தார். "நான் கேட்டது தூரம். அமைச்சர் சொன்னது நேரமா, தூரமா?"

"அலுவலகம் அனுப்பியது இதுதான்," என்றார் அமைச்சர்.

"அப்படியானால் போகவும் வரவும் ஏறக்குறைய ஏழு மணி நேரம். தொழிலுக்குப் போன பெண் வீடு திரும்பும் முன்பே பூட்டைப் பார்த்துவிட்டு, ஆளில்லை என்று வீட்டைப் பறிக்கப் போகிறீர்களா?"

சிரிப்பு அடங்கிவிட்டதாம். ரத்து நடவடிக்கை நிறுத்தி வைக்கப்படும், வீட்டு வசதிக்காரர்களும் கரையோரத் திட்டக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்கள் என்று அமைச்சர் உறுதி சொன்னார். எங்கள் வரைபடமும் அவர்கள் வரைபடமும் முதன்முதலாக ஒரே மேசையில் விரிக்கப்பட்டன. நடுவில் ஒரு முழம் இடைவெளி இருந்தது. பேச்சு இழுத்து இழுத்து மூன்று ஆண்டுகள் ஓடி, கடைசியில் கரையோரத் திட்டத்திலேயே ஒரு துண்டு நிலம் ஒதுங்கி, அந்த நாற்பத்திரண்டு குடும்பங்களும் அலைச் சத்தம் கேட்கும் தூரத்துக்குத் திரும்பிப் போயின. அதுவரை பதினேழாம் எண் கதவில் வேறு நோட்டீஸ் ஒட்டப்படவில்லை.

ஆனால் செயின்மேனுக்கு மெமோ வந்தது. 'தூரத்தை நேரத்தில் எழுதியது ஏன்? மூன்று நாளில் விளக்கம் தருக.' அவர் என்ன விளக்கம் தந்தார் என்று யாருக்கும் தெரியாது. அடியைக் கிலோமீட்டராக மாற்றத் தெரியாமல் எழுதினார் என்று எங்களில் பாதிப் பேர் சொன்னார்கள். எல்லாம் தெரிந்தே எழுதினார் என்றார்கள் மீதிப் பேர். தேநீர் வேளைகளில் இதற்காகச் சண்டையே நடந்திருக்கிறது.

போன வாரம் ஓய்வூதியத் தாள்களைத் தேடியபோது, பழுதான செயின்கள் பற்றிய கோப்பில் அந்த விளக்கம் தவறுதலாகக் கோக்கப்பட்டுக் கிடந்தது. அவர் கையெழுத்திலேயே இருப்பதை இங்கே வாசிக்கிறோம்:

"ஐயா, தூரம் கேட்டீர்கள். ஜீப்புக்கு ஒரு தூரம், ஆகாயத்துக்கு ஒரு தூரம் என்று இங்கே பேசிக்கொண்டார்கள். யாருக்குத் தூரம் என்று தாளில் இல்லை. வீடு யாருக்குக் கொடுத்தோமோ அவருக்கு என்று எடுத்துக்கொண்டேன். தப்பென்றால் மறுபடி போய் அளக்கிறேன். கூடை மட்டும் அந்த அம்மாளுடையதாக இருக்க வேண்டும்."

பெருந்தகையீர்! இனி 'தாங்கள்' என்றே அழைக்கிறோம். இதைப் படித்த பிறகும் சம்பத், "எல்லாம் சரி, கிலோமீட்டர் எவ்வளவு?" என்றுதான் கேட்கிறார். எங்களுக்கும் தெரியவில்லை. தங்களுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கியிருக்கிறோம். அதை எந்தக் கணக்கில் கொடுப்பது என்பதிலும் எங்களுக்குத் தெளிவில்லை. அன்போடு அணிந்துகொள்ளுங்கள்.

கெங்கம்மாளை இவ்விழாவுக்கு அழைக்கத் தாட்சாயிணி கரைக்குப் போயிருந்தார்.

"நாலு மணிக்கா? பன்னெண்டரைக்கெல்லாம் கெளம்பிடறேன்."

"எதுக்கும்மா அவ்வளவு சீக்கிரம்? இப்பத்தான் பஸ் நிறைய ஓடுதே!"

"நைனாவுக்கு வஞ்சரம் எட்த்தார வேணாவா? கூடையோட எவன் ஏத்துவான்?"

முன் வரிசையின் நடு நாற்காலி கெங்கம்மாளுக்காகக் காலியாக இருக்கிறது. இம்மடலை வாசித்து முடிக்கையில் அவர் வாசலில் கூடையை இறக்கிக்கொண்டிருப்பார்.

துணைவியாரோடும் மக்களோடும், நோயில்லா உடலோடும் நோகாத காலோடும் தாங்கள் நீடு வாழ்க! எத்தனை ஆண்டு என்று எழுத எங்களுக்குத் துணிவில்லை. தவறான அளவில் எழுதினோம் என்று தங்களிடமிருந்து மெமோ வந்துவிடும்.

இங்ஙனம்,
தங்கள் தோளில் கிடந்த செயினின் மறுமுனையை என்றும் விடாத,
வெள்ளானூர்ச் சாலைக் குடியிருப்புத் திட்ட அலுவலக ஊழியர்கள்
30.06.1978